எர்ன்ஸ்ட் அபே

எர்ன்ஸ்ட் கார்ல் அபே (ஜனவரி 23, 1840 - ஜனவரி 14, 1905) ஒரு ஜெர்மானிய இயற்பியலாளர் ஆவார். ஒளியியல் கருவிகளைக் கணக்கீட்டின் அடிப்படையில் வடிவமைக்க வழிவகுத்தவர்களுள் ஒருவர்.

வாழ்க்கை

அபே ஐசனாக் நகரில் பிறந்தார். இவரது தந்தை நூற்பாலையில் நாள்தோறும் 14 முதல் 16 மணிநேரம் வரை நின்றபடியே உழைத்தவர். 1861 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அபே, 1866 இல் யெனா நகரில் கார்ல் சைஸ் நடத்திய பட்டறையில் இணைந்தார்.

ஒளியியல் பணிகள்

எளிய வில்லைகளில் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு புள்ளிகளில் குவிவதால் உருவத்தின் விளிம்புகளில் நிறக்கசிவு தோன்றும். ஓட்டோ ஷொட் உருவாக்கிய புதுவகைக் கண்ணாடிகளையும் புளோரைட்டுப் படிகத்தையும் இணைத்து, இக்குறையைப் பெரிதும் நீக்கிய நுண்நோக்கி வில்லைகளை 1886 இல் அபே வெளியிட்டார். பறவை நோக்குவோரும் வேட்டையாடுவோரும் பயன்படுத்தும் உயர்விலைத் தொலைநோக்கிகளை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் முக்கியக் கூறுகளுள் இந்நிறத்திருத்தமும் ஒன்று. கண்ணாடியின் நிறப்பிரிகையைக் குறிக்கும் எண் இவர் பெயரால் அபே எண் எனப்படுகிறது.

தொழிலாளர் நலன்

சைஸ் 1888 இல் இறந்தபின், 1889 இல் அபே கார்ல் சைஸ் அறக்கட்டளையை நிறுவினார். 1891 இல் நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளை அதற்கே அளித்தார். தந்தையின் உழைப்பைச் சிறுவயதில் நேரில் கண்டிருந்த இவர், 1900 இல் தம் தொழிலாளர்களுக்கு எட்டு மணிநேர வேலைநாளை நடைமுறைப்படுத்தினார்.