நூற்றைம்பது டாலர் கிதாரும் சார்லி கிறிஸ்தியனும்

இசைக் கருவியொன்று தன் விலையையே தன் பெயராகக் கொண்டு வழங்குதல் அரிது. அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாகாணத்துக் கலமாசூ நகரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையார் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட மின்சாரக் கிதார் அத்தகையது. கருவியும், அதற்குரிய ஒலிபெருக்கியும், இணைப்புக் கம்பியும் ஒருங்கே ஏறத்தாழ 150 டாலருக்குக் கிடைத்தமையின் அதனை ஈ.எஸ். 150 என வழங்கினர். ஈராண்டு முன்னர் அவர்களே வெளியிட்ட, மின்சாரம் வேண்டாத பெருங்கிதாரின் பெயர் சூப்பர் 400. அதன் விலை 400 டாலர். செல்வர்க்கு அஃது, ஏனையோர்க்கு இது. அவ்வேனையோருள் ஒருவராய்ப் பிறந்து, அம்மலிவுக் கருவியைக் கொண்டே கிதார் இசையின் போக்கினை மாற்றிய சார்லி கிறிஸ்தியன் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அன்னார் 1916-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் டெக்சாஸ் மாகாணத்துப் பான்ஹாம் என்னும் சிற்றூரில் ஒரு கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தார். அவர் சிறு குழவியாயிருக்கும்போதே குடும்பத்தார் ஓக்லஹோமா நகரிற் குடியேறினர். தந்தையார் காய்ச்சலாற் கண்ணொளி இழந்தவர். அவர் தம் மைந்தரை உடனழைத்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று பாடியும் வாசித்தும் பொருளீட்டினார். கருவி ஏந்தும் வயது வாராத சார்லி அக்காலத்தில் ஆடிக்காட்டுவது வழக்கம். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தையார் இறந்தார். தந்தையின் கருவிகளே மைந்தர்க்குக் கிடைத்த முதுசொம். அண்ணனின் பள்ளித்தோழரும் பிற்காலத்துப் பெரும்புகழ் நாவலாசிரியருமாகிய ரால்ப் எல்லிசன், சார்லி கைத்தொழில் வகுப்பிற் சுருட்டுப் பெட்டிகளைக்கொண்டு கிதார் செய்து வாசித்ததை எழுதிவைத்துள்ளார்.

பள்ளியில் அவர் விரும்பியது சாக்சபோன் என்னும் ஊதுகருவி. ஆசிரியையோ ஊதுகொம்பினைப் பயிலுமாறு வற்புறுத்தினார். சிறுவர் அதனை விடுத்துப் பந்தாடச் சென்றுவிட்டார். இச்செய்தி சிறிதேயாயினும் மறக்கற்பாலதன்று. கிட்டாத சாக்சபோனின் நடையையே அவர் பின்னர்க் கிதாரில் வாசித்தார்.

அக்காலத்துப் பெருங் குழுக்களிற் கிதாருக்கு இருந்த நிலை இரங்கத்தக்கது. கொம்புகளும் முரசங்களும் முழங்குமிடத்தில் தனியொரு நரம்பின் ஒலி எங்ஙனம் எழும்? ஆதலின் கிதார்க்காரர் பின்வரிசையிலமர்ந்து எல்லாத் தந்திகளையும் ஒருசேர மீட்டித் தாளங்காட்டுவதோடு அமைந்தனர். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மார்கழிக் குளிரிற் கிறிஸ்து பிறப்புக் கீதம் பாடிச் செல்லும் குழுவினுடன் நடந்தவர் இதனை எளிதில் உணர்வர். டோலக்கும் சிங்கியும் வேலூர்ச் சாலை வரை கேட்கும். கிதார் ஒன்று உடன்வந்ததென்பது அதனைச் சுமந்துவந்தவர் ஒருவருக்கே தெரியும்.

ஈ.எஸ். என்னும் எழுத்துக்கள் மின்சார ஸ்பானியக் கிதாரைக் குறிப்பன. மடிமேற் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கிதாரினின்றும் இதனைப் பிரித்தறிதற்கு அப்பெயர் வேண்டியதாயிற்று. இதன் மேற்பலகை பிடிலினது போல் நடுவுயர்ந்து வளைந்தது; ஒலித்துளைகளும் பிடிலினவே போன்றவை. தந்திகளின் கீழே காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் அமைந்த பிக்கப் ஒன்று உண்டு. எஃகுத் தந்தி காந்தப் புலத்தில் அதிருங்கால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதனைப் பேரொலியாக்கும். பாரடே கண்ட மின்தூண்டலன்றி இதில் மாயம் வேறில்லை. 2014-இல் மறைந்த சீனிவாஸ் மின்சார மாண்டலினிற் கருநாடக இசையின் கமகங்களை நீட்டி வாசிக்க இயன்றதும் இவ்வழியினாலேயே.

ஓக்லஹோமாவிற்கு வந்த எட்டி டர்ஹாம் என்பார் வாயிலாகச் சார்லி மின்சாரக் கிதாரை அறிந்தார் என்பர். ஒருமுறை அறிந்தபின் பின்வரிசை அவருக்கு ஒவ்வாததாயிற்று. அவர் திறத்தைக் கேள்வியுற்ற ஜான் ஹாம்மண்டு என்னும் இசைத்தட்டுத் துறையினர், 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பென்னி குட்மன் என்னும் வெள்ளையரின் புகழ்பெற்ற குழுவிற்கு அவரை அனுப்பிவைத்தார். குட்மன் முதலில் அவரைப் பொருட்படுத்திலர். அன்றிரவு பெவர்லி ஹில்சு நகரத்து உணவகமொன்றில், குட்மன் அறியாமல், ஹாம்மண்டு அவரை மேடையேற்றினார். இவ்விளைஞர் அறியாரென்று எண்ணிக் குட்மன் ஒரு பாட்டைத் தொடங்க, அஃதோ அவர் நன்கறிந்த பாட்டு! அது முக்கால் மணி நேரம் நீண்டதென்பர். ஓரிரவிற்கு இரண்டரை டாலர் பெற்றுவந்தவர் வாரத்திற்கு 150 டாலர் பெறலானார். கிதாரின் விலை முழுவதும் ஒரு வாரக் கூலியாயிற்று. கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒரே மேடையில் அமர்தல் அந்நாட்டில் அரிதாயிருந்த காலம் அது என்பதையும் நினைவிற்கொள்க.

கிதார் வாங்க விழையும் நம் மாணாக்கர்க்கு ஈண்டு ஒரு சொல். 1936-ஆம் ஆண்டுக் கருவியின் மேற்பலகை ஸ்புரூசு மரத்தைக் குடைந்து செதுக்கியது. போர் முடிந்து 1946-இல் அதே பெயரில் வந்தது, ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்தது. 1949-இல் 175 டாலருக்கு வந்த ஈ.எஸ். 175-உம் அவ்வாறே. இக்காலத்து மலிவான வளைபலகைக் கிதார்கள் பலவும் அவ்வினத்தன. இதனை இழிவென்று கொள்ளற்க. செதுக்கிய மெல்லிய பலகை ஒலிபெருக்கியின் ஓசைக்குத் தானும் அதிர்ந்து ஊளையிடும், ஒட்டுப்பலகை அதனை ஓரளவு தாங்கும். பலகையைவிடத் தண்டி நேராயுள்ளதா, மெட்டுக்கள் மட்டமாயுள்ளனவா என்று பார்த்தல் நன்று. இவ்வகைக் கருவிகள் பலவற்றிற் குதிரை ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தாலேயே நிற்பது. சற்றே நகரினும் மேல்மெட்டுக்களிற் சுருதி பிறழும். கையிலுள்ள பணமனைத்தையும் கிதாருக்கே கொடுத்துவிட்டு ஒலிபெருக்கிக்கு ஒன்றும் வையாதிருத்தல் பேதைமை. அந்த 150 டாலரில் ஒலிபெருக்கியும் அடங்கியிருந்தது.

சார்லி குட்மன் குழுவில் வாசித்தது இரண்டாண்டும் நிரம்பாத காலமே. குழுவின் பணி முடிந்தபின் ஹார்லெமிலிருந்த மிண்டன் விடுதிக்குச் சென்று, தெலோனியஸ் மங்க் முதலிய இளைஞருடன் விடியுமளவும் வாசிப்பார். பின்னர்ப் பீபாப் எனப் பெயர்பெற்ற புதுநெறி அங்கே முளைவிட்டது. 1941-இல் மாணவர் ஒருவர் தம் பதிவுக் கருவியிற் பிடித்துவைத்த தட்டுக்களால் அவ்விரவுகள் சில நமக்கும் எஞ்சின. உறக்கமின்மையும் கட்டுப்பாடின்மையும் அவர் உடலைத் தின்றன என்பதனை மறைத்தல் நேர்மையாகாது. காசநோய் முற்றவே, அவ்வாண்டு நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீவியூ மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். ஓய்வும் தூய காற்றுமன்றிக் காசத்திற்கு வேறு மருந்து அறியாத காலம் அது. 1942-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள், இருபத்தைந்தாம் வயதில், அவர் உயிர்நீத்தார். அந்நோய்க்குரிய ஸ்டிரெப்டோமைசின் கண்டறியப்பட்டது அடுத்த ஆண்டு, 1943-இல்.

அவர் உடல் பிறந்த ஊராகிய பான்ஹாமில் அடக்கஞ் செய்யப்பட்டது. அம்மலிவுக் கிதாரிலிருந்த பிக்கப்பைச் செய்தவர் வேறொருவர். விற்றவர் கிப்சன் தொழிற்சாலையார். ஆயினும் இன்றும் அவ்வகைப் பிக்கப்பினைக் கேட்டு வாங்குவோர் சார்லி கிறிஸ்தியன் பிக்கப் என்றே கேட்கின்றனர்.