மேடையில் வள்ளி, வாழ்வில் சுந்தராம்பாள்

காவிரிக்கு அக்கரையில் நாமக்கல் சீமை. இக்கரையில் கொடுமுடி. அங்கே 1908-ல் ஏழை வீட்டில் பிறந்தவர் சுந்தராம்பாள். சிறு வயதில் ரயிலில் பாடினார். பிறகு நாடக மேடை ஏறினார்.

1926-ல் கொழும்பில் நாடகம். செங்கோட்டை கிட்டப்பாவும் அங்கே வந்து சேர்ந்தார். அவரோடு பாடினால் உன் பெயர் போய்விடும் என்று சிலர் சுந்தராம்பாளைப் பயமுறுத்தினார்களாம். அவர் அஞ்சவில்லை. இருவரும் சேர்ந்து பாடினார்கள். காதல் பிறந்தது.

'வள்ளி திருமண'த்தில் அவர் வள்ளி, இவர் முருகன். தினைப்புனத்தில் கண்ட காதலனோடு வள்ளி ஒருவருக்கும் தெரியாமல் புறப்பட்டுவிடுவாள். வேடர்கள் துரத்துவார்கள். துரத்தியவர்களே கடைசியில் கும்பிட்டு நிற்பார்கள். மேடையில் அது எளிது!

வாழ்வில்? கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். ஜாதியும் வேறு. ஆனாலும் 1927-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். ஊர் ஊராக நாடகம்; எங்கும் கூட்டம். பிறந்த குழந்தை தங்கவில்லை. பிணக்கும் வந்தது. பிரிந்திருந்த கணவருக்குச் சுந்தராம்பாள் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கோபம் பாதி, ஏக்கம் பாதி. படிப்பவர் கண் கலங்கும்.

1933 டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். வயது 27தான்.

சுந்தராம்பாளுக்கு வயது 25. நகைகளைக் கழற்றினார். வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். படக்காரர்கள் விடவில்லை. அவர்களைத் திருப்பி அனுப்பவே லட்ச ரூபாய் கேட்டார் என்பார்கள். கொடுத்துவிட்டார்கள்! 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம். 1953-ல் ஔவையார்.

1980-ல் மறையும் வரை வெள்ளைப் புடவைதான்.