நரம்பியற் பேராசான் கஹால்

பட்டத்தாலும் பதவியாலும் ஒருவரின் பெருமையை அளக்கும் இக்காலத்திலே, வகுப்பறை ஆசிரியராய் இருந்துகொண்டே உலகம் அதுவரை காணாத ஒன்றைக் கண்டு காட்டிய ஒருவரின் வரலாற்றை இவ் விழா மலரில் வரைய விழைந்தோம். நாம் தமிழ் கற்பிப்போர். விஞ்ஞானத் துறைக்குப் புறத்தே நிற்போர். ஆயினும் இவர் கதை விஞ்ஞானிகளுக்கு மாத்திரம் உரியதன்று. கையிற் பொருளின்றி, ஊக்குவிப்பாரின்றி, கற்றோர் பலர் அறியாத மொழியில் எழுதிக்கொண்டு, தாம் கண்டதே உண்மையென நின்ற ஓர் ஆசிரியரின் கதை அது. அவர் ஸ்பெயின் தேசத்துச் சந்தியாகோ ரமோன் இ கஹால் என்பார்.

1852ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி, வட ஸ்பெயினின் மலைப்புறத்துச் சிற்றூராகிய பெத்தில்லாவிற் கஹால் பிறந்தார். தந்தையார் வறுமையிற் பிறந்து, நாவிதரிடம் சிறு வைத்தியம் பழகி, பின் தம் முயற்சியாலே மருத்துவராய் உயர்ந்தவர். அத்தகையோர்க்கு இயல்பாகவே படிப்பில் அளவிறந்த கண்டிப்பு உண்டு. மைந்தரோ படம் வரைவதில் மயங்கியவர். சுவரென்றும் புத்தகமென்றும் பாராது வரைவார். ஓவியத்தை வீண்பொழுதென்று கருதிய தந்தையார் தாளையும் வண்ணத்தையும் பறிப்பார். மைந்தர் ஒளித்து வைத்து மீண்டும் வரைவார்.

ஹாக்கா நகரில் துறவியர் நடத்திய பள்ளியிலே இலத்தீன் இலக்கணத்தை மனனஞ் செய்விக்கும் முறையே கல்வியாயிருந்தது. ஒப்புவிக்கத் தவறியோர்க்குப் பிரம்படியும், அறையில் அடைப்பும், பட்டினியும் கிடைத்தன. கஹால் இம் மூன்றையும் நிரம்பப் பெற்றார். பதினொரு வயதளவில், தாமே செய்த பீரங்கியொன்றால் அயலாரின் படலையைத் தகர்த்து, சில நாள் சிறையிலும் இருந்தார். சினங்கொண்ட தந்தையார் அவரை நாவிதரிடமும் பின்னர் சப்பாத்துத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். சப்பாத்துத் தொழிலில் அவர் வல்லவரானார் என்பர். நாமும் ஒருகாலத்திற் செய்யுளை ஒப்புவியாத சிறுவரைப் பிரம்பினால் ஆண்டவர்களே. பின்வாங்கிலிருந்து கொப்பியின் ஓரத்திற் படம் வரைந்துகொண்டிருந்தோரை நாம் என்ன செய்தோமென்பது, இவ் வரலாற்றைப் படிக்குந்தோறும் நினைவுக்கு வந்து நெஞ்சை உறுத்துகின்றது.

மாற்றம் 1868இல் வந்தது. உடற்கூற்றியல் கற்பிக்கும் நோக்கோடு தந்தையார் மைந்தரை ஊர் இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே கிடந்த எலும்புகளைப் பொறுக்கி வந்தார். வீட்டுப் பரணில் அவ்வெலும்புகளை ஒவ்வொன்றாய்க் கையிலெடுத்துப் பார்த்து வரையும்போது, கஹாலின் ஓவியப் பித்தும் தந்தையாரின் மருத்துவப் பித்தும் ஒன்றாயின. பார்த்ததை வரைதலும், வரைவதற்காகவே உற்றுப் பார்த்தலும் அன்று தொடங்கி இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1873இற் சரகோசாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவராய்த் தேறினார். உடனே படையிற் சேர்க்கப்பட்டு, 1874இற் கியூபாவுக்கு அனுப்பப்பட்டு, மலேரியாவால் நலிந்து 1875இல் மீண்டார். 1877இல் மத்ரித்திற் கலாநிதிப் பட்டம் பெறச் சென்றவிடத்தே நுணுக்குக்காட்டியின் வழியாகத் திசுக்களைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. ஊர் திரும்பியதும், படைச் சேவையில் மீதப்படுத்திய பணத்தைக்கொண்டு தமக்கென ஒரு நுணுக்குக்காட்டி வாங்கினார். பல்கலைக்கழகம் வாங்கிக் கொடுக்குமென்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் நாமும் அவர் பெயரைக் கேட்டிரோம்.

பேராசிரியர் பதவிக்கு அக்காலத்து ஸ்பெயினிற் போட்டிப் பரீட்சை நடைபெறும். கஹால் முதலிலே தோற்றார். மீண்டும் எழுதி மீண்டுந் தோற்றார். இடையே நெஞ்சிலிருந்து குருதி கக்கி, காசநோயால் இறப்பாரென்றே பலரும் எண்ணினர். 1879இற் சில்வேரியா என்னும் நங்கையை மணந்தார். எழுவர் பிள்ளைகள் பிறந்த அக் குடும்பத்தைச் சிறு வருவாயில் நடாத்தியவர் அவ்வம்மையாரே. கணவர் தாளுக்கும் அச்சுக்கும் செலவிட்ட பணமெல்லாம் அடுக்களையிலிருந்து போனதென்பதை வரலாறெழுதுவோர் பலர் ஒருவரியிற் கடந்து செல்வர். 1883இல் ஒருவாறு வலென்சியாவின் உடற்கூற்றியற் பேராசிரியர் பதவி கிட்டியது. 1885இல் அங்கே வாந்திபேதி பரவியபோது அந்நோய் பற்றி ஆராய்ந்து அறிக்கை வரைந்தார். சரகோசா மாகாண ஆட்சியினர் அதற்குக் கைம்மாறாகச் சிறந்ததொரு ஜெர்மன் நுணுக்குக்காட்டியை அளித்தனர். பணமுடிப்பிலும் அவர் அதையே பெரிதெனக் கொண்டார்.

இனி, அவர் கண்டது யாதென்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். உடம்பெல்லாம் கலங்களாலானது என்பதை அக்கால அறிஞர் ஒப்புக்கொண்டனர். மூளையை மாத்திரம் விலக்காக வைத்தனர். நரம்பு நார்கள் ஒன்றோடொன்று பொருந்தி, இடையறவில்லாத ஒரே வலையாய்க் கிடக்கின்றன என்பதே பலரது கொள்கை. அவ்வாறு அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. நம்மூர்க் கிளுவை வேலியைச் சற்றுத் தொலைவில் நின்று பாருங்கள். கிளையோடு கிளை பின்னி, எது எம் மரத்ததென்று தெரியாது. முழுவதும் ஒரே பச்சைச் சுவர். வேலியிலுள்ள நூறு மரங்களில் ஒன்றை மாத்திரம், வேர் முதல் நுனி இலை வரை, கறுப்பாக்கிக் காட்ட வல்லார் ஒருவர் இருந்தால் உண்மை வெளியாகும்.

அவ்வித்தையைக் கண்டவர் இத்தாலியராகிய கமில்லோ கொல்கி. உயிரியல் மாணவர் கொல்கி உடல் என்று படிக்கின்றார்களே, அதே கொல்கி. 1873இல் அவர், மூளைத் துண்டைப் பொற்றாசியம் இருகுரோமேற்றில் இறுக்கிப் பின் வெள்ளி நைத்திரேற்றில் ஊறவைத்தார். எண்ணிறந்த கலங்களில் மிகச் சிலவே கறுப்பேறின. ஆனால் ஏறியவை முழுமையாய் ஏறின. அது எல்லார் கையிலும் ஒரே சீராய்ப் பலிக்கும் முறையன்று. ஆதலாற் பதினான்கு ஆண்டுகள் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. கொல்கியோ, தம் முறையாற் கண்ட பின்னரும் நரம்பு மண்டலம் ஒரே வலை என்றே நம்பினார்.

1887இல் மத்ரித்துக்குச் சென்ற கஹால், சிமாரோ என்னும் மருத்துவரின் இல்லத்தில் அம்முறையாற் செய்த தகடொன்றைக் கண்டார். தெளிந்த மஞ்சட் பின்புலத்தில் மைக்கோடு போன்ற கருநிறக் கலங்கள்! எலும்பை வரைந்த சிறுவர் மீண்டும் விழித்துக்கொண்டார் என்றே சொல்லலாம். அவ்வாண்டே பார்சலோனாவின் இழையவியற் பேராசிரியராய் மாற்றம் பெற்று, வீட்டிலேயே ஆய்வு தொடங்கினார். கொல்கியின் முறையை இருமுறை திருப்பிச் செய்து திருத்தினார். அதனினும் முக்கியமாக, முதிர்ந்த மூளையை விடுத்து, முட்டையினுள் வளரும் குஞ்சின் மூளையையும் பிறந்த குட்டிகளின் மூளையையும் எடுத்துக்கொண்டார். இளங்கலங்களில் நார்களை மூடும் கொழுப்புறை இன்னும் உண்டாகவில்லை, கிளைகளும் குறைவு. வேலி அடர்ந்து வளருமுன் பார்த்தாற்போலாயிற்று.

1888ஆம் ஆண்டைத் தம் வாழ்வின் உச்சியென அவரே கொண்டார். பறவைகளின் சிறுமூளையிலே நாரின் நுனி மற்றைக் கலத்தை அணைந்து நிற்கின்றது. அதனோடு கலந்து ஒன்றாகவில்லை. எங்குப் பார்த்தாலும் அதுவே. ஒவ்வொரு நரம்புக்கலமும் தனித்தனி. அவை தொட்டு உரையாடுகின்றனவேயன்றி ஒட்டிப் பிறந்தனவல்ல. கண்டவற்றை வெளியிடுவதற்குக் காத்திருக்கப் பொறாது, 1888 மே மாதத்திலே தம் சொந்தச் செலவில் ஒரு முத்திங்கள் ஆய்விதழ் தொடங்கினார். எழுத்தும் அவரே, படமும் அவரே. அறுபது படிகளே அச்சாயின. அவற்றிற் பலவற்றை வெளிநாட்டறிஞர்க்கு இலவசமாய் அனுப்பினார். சதுரங்கத்தில் அவருக்கு இருந்த பெரும் பித்தையும் அக்காலத்தே துறந்தார். பொழுதை அது விழுங்குகின்றது என்று உணர்ந்தமையால்.

அனுப்பியவற்றுக்கு மறுமொழி வரவில்லை. ஏன்? ஸ்பானிய மொழியை ஜெர்மனியிலும் பிரான்சிலும் விஞ்ஞானிகள் படிப்பதில்லை. ஸ்பெயினிலிருந்து விஞ்ஞானம் வருமென்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை. தாய்மொழியில் எழுதிய குற்றத்துக்காக உண்மை கேட்பாரற்றுக் கிடந்தது. தமிழில் விஞ்ஞானம் எழுத முயலும் நம்மவர்க்கு இவ்விடம் எளிதிற் கடந்து செல்லத்தக்கதன்று. கஹால் தம் மொழியைக் கைவிடவுமில்லை, கைகட்டி இருக்கவுமில்லை. சிலவற்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1889 ஒக்டோபரில், தம் சேமிப்பைச் செலவிட்டு, தகடுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பேர்லினில் நடந்த ஜெர்மன் உடற்கூற்றியலார் மாநாட்டுக்குப் புறப்பட்டார்.

அங்கே அவரை அறிவார் எவருமில்லை. நுணுக்குக்காட்டிகளை வரிசையாய் அமைத்துத் தகடுகளை வைத்துவிட்டு, தட்டுத் தடுமாறும் பிரெஞ்சில், வந்து பார்க்குமாறு ஒவ்வொருவராய் அழைத்தார். ஐயுறவோடு குனிந்தவர் வியப்போடு நிமிர்ந்தனர். அவருள் முதல்வர், எழுபது வயதைக் கடந்தவரும் அத்துறையிற் பெரும்புகழ் படைத்தவருமான கொலிக்கர். அம்முதியவர் கஹாலைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்று விருந்தளித்தார். ஏனையோர்க்கு அறிமுகஞ் செய்தார். பின்னர் அவர் ஸ்பானிய மொழியையே கற்றார், கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காக. இவ்வரலாற்றில் நம்மை மிகவுங் கவர்ந்தது இதுவே. நோபெல் பரிசினும் இது பெரிதென்பது நமது துணிபு.

1891இல் வால்டையர் என்னும் ஜெர்மானிய அறிஞர் நரம்புக்கலத்துக்கு நியூரோன் என்று பெயரிட்டார். பெயர் சூட்டியவர்க்கே புகழிற் பெரும்பங்கு சென்றது. கஹால் மேலுஞ் சென்று, கலத்தினுள் செய்தி ஒரே திசையிற் பாய்கின்றது, கிளைகள் வாயிலாகப் புகுந்து நீண்ட நார் வழியே வெளியேறுகின்றது என்று கூறினார். அவர் படங்களிற் காணப்படும் சிற்றம்புகள் அதனைக் குறிப்பனவே. 1892இல் மத்ரித்துப் பேராசிரியரானார். 1894இல் இலண்டன் றோயல் சங்கம் குறூனியன் சொற்பொழிவாற்ற அழைத்தது. ஷெரிங்டன் என்பாரின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கிய அந்நாட்களிலும் படுக்கையறையை ஆய்வுகூடமாக்கிக் கதவைப் பூட்டி வைத்திருந்தாராம். வீட்டார் பட்ட பாட்டை எண்ணி நகையாதிருத்தல் அரிது.

அரசு பின்னர் ஆய்வுகூடம் அமைத்துக் கொடுத்தது. ஆண்டுக்கு 10,000 பெசெட்டா வேதனமென்று குறித்தபோது, அது மிகையென்று சொல்லி 6,000 ஆகக் குறைப்பித்தார். கல்வியமைச்சர் பதவி தேடி வந்தபோது மறுத்துவிட்டார். 1904இல் நரம்பு மண்டலம் பற்றிய அவர் பெருநூல் நிறைவெய்தியது. 1906இல் நோபெல் பரிசு வந்தது, கொல்கியோடு பகிர்ந்து. ஸ்டொக்ஹோமில் நிகழ்ந்ததோ விந்தை. தம் சொற்பொழிவிற் கொல்கி நியூரோன் கொள்கையை முற்றாக மறுத்துரைத்தார். மறுநாட் பேசிய கஹால் தாம் கண்ட சான்றுகளை முறையே எடுத்துரைத்தார். ஒருவர் முறையைத் தந்தார், மற்றவர் அம்முறையால் உண்மையைக் கண்டார். ஒரே மேடையில் ஒரே பரிசைப் பெற்றும் இருவர் கருத்தும் பொருந்தவில்லை. தம் வரலாற்று நூலிற் கஹால் இதுபற்றிய மனக்கசப்பை மறைத்தாரல்லர்.

ஆசிரியர் என்ற முறையில், தெல்லோ, அச்சூக்கரோ, லொரெந்தே தே நோ முதலிய மாணாக்கரை உருவாக்கினார். இளம் ஆய்வாளர்க்கென அறிவுரை நூலொன்றும் எழுதினார். எனினும் குறையற்றவரென்று அவரைப் புனைந்துரைத்தல் முறையன்று. மூளையிலே நரம்புக்கலமல்லாத வேறு கலங்களை இனம்பிரித்துக் காட்டிய ரியோ ஒர்த்தேகா என்னும் இளைஞரை 1920இல் தம் ஆய்வுகூடத்திலிருந்து நீக்கினார். அவ்விளைஞர் கண்டவை சரியே என்பதைக் காலம் காட்டியது. கண்டதைச் சொன்னவர்க்குச் செவிகொடாமை எத்துணைக் கொடிதென்று தம் பார்சலோனா நாட்களில் அறிந்தவரே அவ்வாறு செய்தார்.

1922இல், எழுபதாம் வயதில், பேராசிரியப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1930இற் சில்வேரியா அம்மையார் மறைந்தார். செவிப்புலன் குன்றி, நோயுற்றிருந்த நிலையிலும், நரம்பு மண்டலம் வலையா, தனிக்கலங்களா என்ற வினாவையே மீண்டும் எடுத்து, 1933இல் தம் கடைசி ஆய்வுரையை வெளியிட்டார். வலைக்கொள்கை அப்போதும் முற்றாக மடியவில்லை. 1934 ஒக்டோபர் 17ஆந் திகதி மத்ரித்தில் இறையடி சேர்ந்தார்.

1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபோது, இரு கலங்களின் இடையே மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள இடைவெளி தெரிந்தது. சிற்சில இடங்களிற் கலங்களிடையே நேரான நுண்டுவாரத் தொடர்பு உண்டென்பதும் பின்னர் அறியப்பட்டது. பெரும்பாலான இடங்களில் கஹால் கண்டதே நின்றது. அவ்விடைவெளியை அவர் தம் கண்ணாற் கண்டதில்லை. அவர் கையால் வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் மத்ரித்திலே பேணப்பட்டு வருகின்றன. அவற்றுட் பல இன்றைய மருத்துவ நூல்களிலும் இடம்பெறுகின்றன.