மருந்துப் பெட்டியும் மைக்கூடும்



படிக்கிற பையனுக்குப் பாட்டு எதுக்கு, கதைப் புத்தகம் எதுக்கு, படம் வரைஞ்சா சோறு போடுமா என்ற கேள்வியைக் கேட்காமல் நம்மில் யாராவது வளர்ந்திருக்கிறோமா? வீட்டில் கோபத்தில் கேட்பதில்லை. பயத்தில் கேட்கிறார்கள். கடன் வாங்கி ஃபீஸ் கட்டியவர்களுக்கு, பிள்ளை அங்கே இங்கே பார்க்காமல் படித்து ஒரு வேலையில் போய் உட்கார வேண்டும் என்ற கவலை இருக்கத்தானே செய்யும்!

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக வைத்துவிட்டுப் போனவர் ஒரு டாக்டர். ரஷ்ய நாட்டுக்காரர். உலகச் சிறுகதை என்றாலே முதல் வரிசையில் சொல்லப்படுகிற ஆன்டன் செகாவ்தான் அவர்.

அடிமையின் பேரன்

செகாவ் 1860 ஜனவரி 29-ல், அசோவ் கடலோரத்தில் உள்ள தாகன்ரோக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அவர் தாத்தா ஒரு பண்ணையடிமை. நிலத்தோடு சேர்த்து மனுஷனையும் விற்கிற காலம் அது. அந்தத் தாத்தா சிறுகச் சிறுகச் சேர்த்து, 1841-ல் 3500 ரூபிள் கொடுத்துத் தன் குடும்பத்தை விலைக்கு மீட்டார். ரஷ்யாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது அதற்கும் 20 வருஷம் கழித்து, 1861-ல்தான். கைநாட்டு வைத்த தாத்தாவின் பேரனாக இந்த வரியைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அப்பா பாவெல் மளிகைக் கடை வைத்திருந்தார். கண்டிப்புக்காரர், பிள்ளைகளை அடிப்பார். ஆனால் வயலின் வாசிப்பார், தேவாலயப் பாடகர் குழுவை நடத்துவார். விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பிப் பாட வைப்பார். அது பிள்ளைகளுக்குக் கொடுமையாகத்தான் இருந்தது. என்றாலும் இசை காதில் ஏறிவிட்டது.

1876-ல் கடை நொடித்துப் போனது. கடன்காரர்களுக்குப் பயந்து அப்பா மாஸ்கோவுக்கு ஓடினார். குடும்பமும் பின்னால் போனது. 16 வயது ஆன்டன் மட்டும் பள்ளிப் படிப்பை முடிக்கத் தனியாக ஊரிலேயே தங்கினார். ட்யூஷன் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் மிஞ்சிய தட்டுமுட்டுச் சாமான்களை விற்று மாஸ்கோவுக்குப் பணமும் அனுப்பினார்! 1879-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். சொந்த ஊர் நகராட்சி மாதம் 25 ரூபிள் உதவித்தொகை கொடுத்தது.

கேட்கக் கற்றுக்கொடுத்த மருத்துவம்

அந்த 25 ரூபிளில் ஒரு குடும்பம் எப்படி நடக்கும்? பகலில் பாடம், இரவில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்கு. 1880 முதல் இப்படி எழுதித்தான் வீட்டு வாடகையும் தம்பி தங்கை படிப்பும் ஓடின. 1884-ல் டாக்டர் ஆனார்.

அவர் மிகவும் மதித்த பேராசிரியர் சகாரின். நோயாளி எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார், என்ன வேலை செய்கிறார் என்று ஒன்று விடாமல் கேட்ட பிறகுதான் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவர் முறை. செகாவின் கதைகளைப் படித்தால் இந்த முறை அப்படியே தெரியும். யாரையும் திட்ட மாட்டார், யாருக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஆளை முழுசாகக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார். 1892-ல் வந்த ஆறாவது வார்டு கதையில், நோயாளிகளின் வேதனையைக் கண்டுகொள்ளாத டாக்டர் ஒருவர், கடைசியில் அதே வார்டில் பூட்டப்படுகிறார். ஒரு டாக்டர்தான் இதை எழுத முடியும்.

பார்க்கச் சொன்ன ஓவியம்

அண்ணன் நிக்கலாய் ஓவியர். அவரோடு ஓவியப் பள்ளியில் படித்த ஏழை யூதப் பையன் லெவிட்டான், பின்னாளில் ரஷ்யாவின் மிகப் பெரிய இயற்கைக் காட்சி ஓவியர். செகாவும் அவரும் உயிர் நண்பர்கள். கோடை விடுமுறையில் ஒரே பக்கத்தில் தங்கி மீன் பிடிப்பார்கள், காடு சுற்றுவார்கள். 1888-ல் செகாவ் எழுதிய புல்வெளி என்ற நீண்ட கதையில், வெளியூர்ப் பள்ளியில் சேர்வதற்காக 9 வயசுப் பையன் ஒருவன் குதிரை வண்டியில் போகிறான். கதை என்று பெரிசாக ஒன்றும் இல்லை. வெயில், தூசி, இடி, மழை, ஊரை விட்டுப் போகிற பையனின் மனசு, அவ்வளவுதான். ஹாஸ்டலுக்குப் பெட்டி தூக்கி வந்த எல்லோருக்கும் அந்தப் பையனைத் தெரியும்.

நட்பில் சண்டையும் வந்தது. 1892-ல் எழுதிய ஒரு கதையில் தன்னைக் கிண்டல் செய்ததாக நினைத்து லெவிட்டான் பேச்சை நிறுத்தினார். 1895-ல்தான் சேர்ந்தார்கள். பின்னாளில் யால்டாவில் செகாவ் நோயோடு இருந்தபோது, லெவிட்டான் அவர் வீட்டுக் கணப்படுப்பின் மேலே பொருத்த, நிலவொளியில் வைக்கோல் போர் நிற்கும் ஒரு படம் வரைந்து கொடுத்தார்.

நிறுத்தச் சொன்ன இசை

இசைமேதை சைக்கோவ்ஸ்கி செகாவின் கதைகளுக்கு ரசிகர். 1889-ல் அவரே செகாவின் வீடு தேடி வந்தார். அடுத்த வருஷம் வந்த தன் கதைத் தொகுதியைச் செகாவ் அவருக்குக் காணிக்கையாக்கினார். 1894-ல் எழுதிய ரோத்சில்டின் வயலின் என்ற கதையைப் பாருங்கள். சவப்பெட்டி செய்கிற தச்சன் ஒருவன், வாழ்நாளெல்லாம் நஷ்டக் கணக்கே எழுதுகிறான். மனைவி செத்த பிறகுதான், அவளிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசாததே பெரிய நஷ்டம் என்று புரிகிறது. சாகும்போது தன் வயலினை, தான் வெறுத்த ஏழை வாத்தியக்காரனுக்குக் கொடுத்துவிடுகிறான். எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினால் மனசு பேசும் என்பது செகாவுக்குத் தெரிந்திருந்தது.

நாம் டிராயிங் ஷீட்டில் ஒரே பாகத்துக்கு முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று மூன்று வரைகிறோம். ஒன்றை மட்டும் வைத்துப் பாகத்தைச் செய்ய முடியுமா? மருத்துவம், ஓவியம், இசை என்று மூன்று பக்கமும் பார்த்ததால்தான் செகாவுக்கு மனுஷன் முழுசாகத் தெரிந்தான்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவர்

தெரிந்துகொண்டு சும்மா இருந்தாரா? 1890-ல் கைதிகளை நாடு கடத்தி வைத்திருந்த சகலின் தீவுக்குப் புறப்பட்டார். சைபீரியா வழியாக ரயில் கிடையாது. வண்டியிலும் படகிலுமாகப் போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று மாதம். அங்கே வீடு வீடாகப் போய், சுமார் 10,000 பேரின் விவரத்தை அட்டைகளில் எழுதினார். கடல் வழியாகத் திரும்பும்போது இலங்கையில் இறங்கிக் கொழும்பையும் கண்டியையும் பார்த்தார். கைதிகளின் நிலையைச் சொல்லும் அவருடைய சகலின் புத்தகம் 1895-ல் வந்தது.

1892-ல் மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோ கிராமத்தில் குடியேறினார். காலரா நெருங்கி வந்தபோது 25 கிராமங்களையும் 4 தொழிற்சாலைகளையும் ஒரு மடத்தையும் சம்பளம் வாங்காமல் கவனித்தார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் மூன்று பள்ளிக்கூடங்கள் கட்டினார். தன்னைப் படிக்க வைத்த தாகன்ரோக்கை மறக்கவில்லை. அந்த ஊர் நூலகத்துக்குக் கடைசி வரை புத்தகம் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் தன் உடம்பை மட்டும் பார்க்கவில்லை. டாக்டரான 1884-லேயே இருமலில் ரத்தம் வந்தது. காசநோய் என்று ஒத்துக்கொள்ளாமல் தள்ளிப் போட்டார். 1897-ல் நோய் படுக்க வைத்தது. அதற்குப் பிறகும் மூன்று சகோதரிகள், செர்ரித் தோட்டம் ஆகிய நாடகங்களை எழுதினார். 1904 ஜூலை 15-ல் ஜெர்மனியில் இறந்தபோது வயது 44தான்.

நண்பர்களே! செகாவ் மாதிரி எல்லோரும் எழுத முடியாது. ஆனால் லேத்தில் நிற்கிற கை வயலினையும் பிடிக்கலாம், தூரிகையையும் பிடிக்கலாம். அதனால் வேலை கெடாது. வேலை செய்கிறவன் மனுஷனாக இருப்பான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம் நாளைக்குச் சம்பளம் வாங்கும்போது, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாலு புத்தகமாவது அனுப்புவோம். அவருடைய கதைகள் தமிழிலும் வந்திருக்கின்றன. நூலகத்தில் தேடி எடுங்கள். அரியர் இருந்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கதை படியுங்கள்!

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்