சாசனத்தைப் படித்த வழக்கறிஞர்

காவிரி பாயும் தஞ்சைத் தரணி ஈன்ற சான்றோருள் ஒருவர் சர். ஏ. டி. பன்னீர்செல்வம். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சட்டம் பயின்று, சென்னை மாகாண அமைச்சராக உயர்ந்தவர். அவர் வகித்த பதவிகள் பல. ஆயினும், கல்விக்காக அவர் திறந்துவைத்த கதவுகளை எண்ணும்போதே மாணவியராகிய நம் நெஞ்சம் நன்றியால் நிறைகிறது.

இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பெரும்பண்ணையூரை அடுத்த செல்வபுரத்தில் 1888 ஜூன் 1 அன்று அவர் பிறந்தார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, தஞ்சையில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். தொழிலில் பேரும் பொருளும் சேர்ந்தன. அத்துடன் மனநிறைவு கொள்ளாமல் பொதுவாழ்வில் இறங்கினார். நீதிக்கட்சியில் சேர்ந்து, தஞ்சை நகராட்சித் தலைவராகவும், 1920-களில் ஜில்லா போர்டுத் தலைவராகவும் தொண்டாற்றினார்.

தஞ்சை மராட்டிய மன்னர்கள் நிறுவிய சத்திரங்களும் அறக்கட்டளைகளும் அக்காலத்தில் ஜில்லா போர்டின் பொறுப்பில் இருந்தன. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் என்ற பெண்மணியின் நினைவாக எழுப்பிய சத்திரம் அவற்றுள் ஒன்று. ஒரத்தநாடு, ராஜாமடம் ஆகிய ஊர்களின் மாணவர் விடுதிகளில் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் கிடைத்து வந்தது. திருவையாற்றுக் கல்லூரியிலோ வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டது. தமிழ் வழங்கும் மண்ணில் தமிழுக்கு அங்கே இடமில்லை.

கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரனாரும் வழக்கறிஞரே. இருவரும் இணைந்து இக்குறையைப் போக்க முனைந்தனர். நெடுநாள் வழக்கம் என்று பிறர் விட்டுவிட்டதை அவர்கள் விடவில்லை. அறக்கட்டளையின் மூல ஆவணம் என்ன சொல்கிறது என்று ஆராய்ந்தனர். கல்வி வளரவேண்டும் என்பதே கொடையின் நோக்கம் என்பது தெளிவாயிற்று. திருவையாற்றில் தமிழ் வித்துவான் வகுப்பு தொடங்கிற்று. வடமொழிக் கல்லூரி அரசர் கல்லூரி ஆயிற்று. விடுதிகளின் கதவுகளும் எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் திறந்தன. நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்குப் பயன்பட்ட சட்ட அறிவு, இங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது.

1931-இல் லண்டனில் நடைபெற்ற இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக அவர் கலந்துகொண்டார். 1937-இல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சரானார். மூன்றே மாதங்களில் அந்த அமைச்சரவை விலகியது. 215 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 159 இடங்களை வென்ற காங்கிரஸ் ஆட்சி ஏற்றது. எதிர்க்கட்சியினர் சிலரே. எனினும், 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமானபோது அவர் அஞ்சாது எதிர்த்தார். அந்த ஆணை 1940 பிப்ரவரி 21 அன்று திரும்பப் பெறப்பட்டது.

அச்சமயம் லண்டனில், இந்திய மந்திரியின் ஆலோசகர் பதவி அவருக்காகக் காத்திருந்தது. அதனை ஏற்க அவர் விமானத்தில் புறப்பட்டார். 1940 மார்ச் 1 அன்று, எட்டுப் பேருடன் சென்ற ஹானிபால் என்னும் அவ்விமானம் ஓமான் வளைகுடாப் பகுதியில் மறைந்தது. தேடியும் ஒரு தடயமும் கிட்டவில்லை. அப்போது அவருக்கு வயது 51. மனைவியும் தாயும் இறந்தபோதுகூடக் கலங்காத பெரியார், இவர் மறைவால் உள்ளம் உடைந்து எழுதினார். கடவுள் மறுப்பாளரான ஒருவர், கத்தோலிக்கரான ஒருவருக்காக இவ்வாறு வருந்தியது அவ்விருவரின் நட்புக்குச் சான்று.

அவருக்குக் கல்லறை இல்லை. ஆயினும், திருவையாற்றில் தமிழ் பயின்று ஊர்தோறும் ஆசிரியர்களாகச் சென்றவர்கள் அவருடைய நினைவுச் சின்னங்களே. நமக்கு வாய்த்த கல்வியும் யாரோ ஒருவர் நமக்காகத் திறந்துவைத்த கதவின் வழியே வந்ததுதான். நாம் கற்று உயர்ந்தபின் அக்கதவைச் சாத்திவிடாமல், நமக்குப் பின் வருவோருக்காகத் திறந்தே வைப்போம். அதற்கான மனவலிமையை இறைவன் நமக்கு அருள்வாராக!