மேரின் மேர்சென் (1588 – 1648)

கிட்டார்க் கம்பியின் சுருதி எவற்றில் தங்கியுள்ளது? இவ்வினாவுக்கு நீங்கள் எழுதும் விடையை 1636 இல் விதிகளாக வெளியிட்டவர் மேர்சென் ஆவார்.

இவர் 1588 செப்டெம்பர் 8 இல் பிரான்சில் பிறந்தார். லா பிளெஷ் கல்லூரியிலும் பரிசிலும் கற்று, 1611 இல் மினிம் சபையில் சேர்ந்து துறவியானார். 1619 முதல் பரிசிலிருந்த மடமே இவரது இருப்பிடமாயிற்று. அங்கிருந்து டெக்கார்ட், பேர்மா, கலிலியோ முதலியோருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1633 இல் கலிலியோ திருச்சபையால் தண்டிக்கப்பட்டார். எனினும் மறு ஆண்டே அவரது பொறியியக்கவியல் நூலைத் துறவியான மேர்சென் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

இழையில் தொங்கும் நிறையை இருமடங்காக்கினால் அதே சுரம் அடுத்த ஸ்தாயியில் கேட்கும் என்பது பைதகரசின் பெயரால் நெடுங்காலம் வழங்கிய கருத்தாகும். அதற்கு நான்கு மடங்கு நிறை தேவை எனக் கலிலியோவின் தந்தை வின்சென்சோ பரிசோதித்துக் கண்டிருந்தார். மேர்சென் அதிர்வுகளையே எண்ண முற்பட்டார். காது சுருதியை உணருமேயன்றி அதிர்வுகளை எண்ணாது. எனவே அவர் மிக நீண்ட இழைகளை ஈர்த்துக் கட்டினார். அவை மெதுவாக அதிர்ந்தமையால் கண்ணால் எண்ண முடிந்தது. அதிலிருந்து குறுகிய இழையின் மீடிறனைக் கணித்தார்.

அவர் தந்த விதிகளின்படி இழையின் மீடிறன்:

1. நீளத்திற்கு நேர்மாறு விகிதசமனாகும்.
2. இழுவையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதசமனாகும்.
3. அலகு நீளத்திற்கான திணிவின் வர்க்கமூலத்திற்கு நேர்மாறு விகிதசமனாகும்.

இவற்றைக் கிட்டாரில் காணுங்கள். அதன் ஆறு கம்பிகளும் ஏறத்தாழ ஒரே நீளமானவை. ஆயினும் தடித்த கம்பி ஏறக்குறைய 82 ஹேர்ட்ஸிலும் மெல்லிய கம்பி ஏறக்குறைய 330 ஹேர்ட்ஸிலும் அதிரும். 110 ஹேர்ட்ஸில் அதிரும் கம்பியின் நடுவில் விரலை அழுத்தி மீட்டினால் நீளம் அரைவாசியாகி மீடிறன் 220 ஹேர்ட்ஸ் ஆகும். முறுக்காணியைத் திருகி இறுக்கும்போது இழுவை கூடிச் சுருதி உயரும்.

மேர்சென் 1648 செப்டெம்பர் 1 இல் பரிசில் காலமானார். தமது உடலையும் அறுத்து ஆராயுமாறு அவர் கேட்டிருந்தார்.

மாணவர்களே, இழுவையை இருமடங்காக்கினால் மீடிறனும் இருமடங்காகும் என எழுதிவிடாதீர்கள். அது ஏறத்தாழ 1.41 மடங்கே ஆகும். இருமடங்காக்க இழுவையை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.