கண்ணுக்கு வடிகால் அமைத்த டாக்டர்

பழனி வையாபுரிக் குளத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் பெருகும். மிஞ்சிய நீர் வெளியே போக வழி வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால் கரைக்கு ஆபத்து!

மனிதனின் கண்ணும் அப்படித்தான். கண்ணுக்குள்ளே ஒரு நீர் ஓயாமல் சுரக்கிறது, ஓயாமல் வடிகிறது. இது கண்ணீர் அல்ல, வேறு நீர். அது வடியாவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு கெடும். இந்த நோய்க்குக் கிளாக்கோமா என்று பெயர். பெரும்பாலும் வலியே இராது. ஆனால் போன பார்வை திரும்பாது!

இந்த நோயோடு போராடி, உலகப் புகழ் பெற்றவர் டாக்டர் ராபர்ட் ஹென்றி எலியட்.

கடுகளவு துளை

எலியட் 1864-ல் பிறந்தார். ராணுவ மருத்துவரான அவர், 1904-ல் சென்னை அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியின் தலைவரானார். 1819-ல் தொடங்கிய பழம்பெரும் ஆஸ்பத்திரி அது.

அந்நாளில் கிளாக்கோமாவுக்குச் செய்த ஆபரேஷன், மெதுவாக முற்றும் நோயில் பலருக்குப் பலன் தரவில்லை. எலியட் யோசித்தார். அடைபட்ட வழி திறக்காவிட்டால், புது வழி வெட்டினால் என்ன?

1909-ல் அதைச் செய்தார். கருவிழியின் ஓரத்தில், வட்டக் கத்தியால் கடுகளவு துளை போட்டார். மெல்லிய தோலால் அதை மூடினார். உள்ளே தேங்கிய நீர் தோலுக்கு அடியில் கசிந்து வடிந்தது. அழுத்தம் குறைந்தது! 1913-ல் இதைப் புத்தகமாக எழுதினார். பல நாட்டு டாக்டர்களும் அந்த முறையைக் கையாண்டனர்.

கயிறு வித்தைக்குப் பரிசு

எலியட் எதையும் சோதித்தே நம்புவார். இங்கிலாந்து திரும்பிய பின், மந்திர தந்திரங்களை ஆராயும் குழுவுக்குத் தலைவரானார். அந்தரத்தில் கயிற்றை நிறுத்தி ஏறும் இந்திய வித்தையைச் செய்து காட்டினால் 500 கினி பரிசு என்று 1934-ல் அக்குழு அறிவித்தது. பரிசை யாரும் வாங்கவில்லை! 1936-ல் எலியட் காலமானார்.

துளைக்குப் பின் குழாய்

அவருடைய முறையிலும் குறை இருந்தது. சிலருக்குப் பல வருஷம் கழித்துத் துளை வழியே கிருமி புகுந்தது. சிலருக்குத் தழும்பு வளர்ந்து துளை மூடிக்கொண்டது. 1968-க்குப் பின், திருத்திய ஆபரேஷன் அதன் இடத்தைப் பிடித்தது. அதுவும் பலிக்காத கண்களுக்கு, மெல்லிய குழாயும் தகடும் பொருத்தும் முறை வந்தது. அத்தகைய கருவியை மதுரை அரோலேப் நிறுவனம் 2013 முதல் தயாரிக்கிறது. பழனிக்காரர்களுக்கு மதுரை பக்கம்தானே!

குழாயும் துளையும், இருக்கிற பார்வையைத்தான் காக்கும். நாற்பது வயது தாண்டியவர்கள் கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கரை உடைந்த பிறகு மடையைத் தேடி என்ன பயன்?